கிண்ணத்தின் அடியில் நின்ற தண்ணீர்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முதல் முறையாக மாட்டிறைச்சியை கிரில் செய்து நூடுல்ஸ் சாலட் பண்ணினேன். அரிசி நூடுல்ஸ், வெள்ளரி, கேரட், புதினா, கொத்தமல்லி, மேலே சுட்ட இறைச்சித் துண்டுகள், எலுமிச்சைச் சாறும் ஃபிஷ் சாஸும் கலந்த டிரெஸ்ஸிங். செய்முறையில் இருந்த எதையும் நான் விடவில்லை. அக்கா நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு கிண்ணத்தை லேசாகச் சாய்த்துக் காட்டினாள்.

"தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அடியில இவ்வளவு தண்ணி நிக்குதே, இது எங்கேருந்து வந்துச்சு?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. டிரெஸ்ஸிங் நான்கைந்து கரண்டிதான் ஊற்றியிருந்தேன். அடியில் நின்றதோ அதைப் போல இரண்டு மடங்கு. சுவைத்துப் பார்த்தேன், உப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல் ஏதோ கழுவின நீர் மாதிரி இருந்தது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த சாலட்டை அதற்குப் பிறகு திரும்பத் திரும்பச் செய்தேன். இப்போது எனக்கு இது நீரைப் பற்றிய சமையலாகவே தெரிகிறது. எந்த நீரை வடிக்க வேண்டும், எதை ஒரு சொட்டுக்கூட விடாமல் பிடிக்க வேண்டும் என்று பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் கைப்பழக்கம்.

இந்த வகை சாலட்டுக்கு ஒரே ஊர் என்று கிடையாது. வியட்நாமில் 'பூன்' என்னும் வட்ட வடிவ அரிசி நூடுல்ஸைக் கீரைகளோடு கிண்ணத்தில் போட்டு, மேலே சுட்ட பன்றி இறைச்சியோ வதக்கிய மாட்டிறைச்சியோ வைத்து, 'நுவோக் சம்' என்னும் இனிப்பும் புளிப்பும் உப்பும் கலந்த சாஸை ஊற்றித் தருகிறார்கள். தாய்லாந்தில் நூடுல்ஸ் இல்லாமலே சுட்ட மாட்டிறைச்சியைக் கீரையும் எலுமிச்சையும் போட்டுக் கலக்கும் சாலட் உண்டு. அதில் ஒரு வகைக்கு 'நாம் தோக்' என்று பெயர். அருவி என்று அர்த்தம். தணல் மேல் இறைச்சி வேகும்போது அதிலிருந்து சாறு சொட்டுவதைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்வார்கள். இந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கிரில் முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தச் சொட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நான் செய்வது இரண்டும் சேர்ந்தது: கீழே வியட்நாமின் நூடுல்ஸ் கிண்ணம், மேலே தாய்லாந்தின் இறைச்சி.

முதலில் நூடுல்ஸ், ஏனென்றால் தண்ணீரின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. நான்கு பேருக்கு 250 கிராம் உலர்ந்த அரிசி நூடுல்ஸ் போதும். மெல்லிய வகை என்றால் கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம். கொஞ்சம் தடித்தது என்றால் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம்கூட ஆகலாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி போயிருக்க வேண்டும், ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். உடனே வடிகட்டி, குளிர்ந்த நீரில் நன்றாக அலச வேண்டும். அலசும்போது மேலே ஒட்டியிருக்கும் மாவு கரைந்து நீர் பால் மாதிரி போகும். நீர் தெளிவாகும்வரை அலசுங்கள். அந்த மாவு இருந்தால் அரை மணியில் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.

இதுவரை எல்லாச் செய்முறைகளும் சொல்லும். நான் தவறவிட்டது அடுத்த படியை. சல்லடையில் குலுக்கினால் நீர் வடிந்துவிட்டது போலத்தான் தெரிகிறது. ஆனால் இழைகளுக்கு இடையே நூல்பிடித்தாற்போல் நீர் தங்கிக்கொள்கிறது. இத்தனை மெல்லிய இழைகள் நெருக்கமாகக் கிடந்தால் நீர் தானாகக் கீழே இறங்காது. இப்போது நான் நூடுல்ஸைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, சின்னச் சின்னச் சுருளாகச் சுற்றி, சுத்தமான பருத்தித் துணியில் இடைவெளி விட்டு வைத்துவிடுகிறேன். கால் மணி நேரம். துணி இழுத்துக்கொள்ளும் நீரைப் பார்த்தால் நம்பவே முடியாது. ஒவ்வொரு சுருளுக்கும் கீழே ஈர வட்டம் விரிந்துகொண்டே போகும். முதல் தடவை துணியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவும் வழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எண்ணெய் பூசிய இழையில் டிரெஸ்ஸிங் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு அடியில் போய்ச் சேரும்.

பாசிப்பயறு மாவில் செய்யும் கண்ணாடி நூடுல்ஸ் போட்டாலும் நன்றாக வரும். அது டிரெஸ்ஸிங்கை நிறைய உறிஞ்சும், ஆகவே கூடுதலாகக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். சோபா என்னும் ஜப்பானிய நூடுல்ஸின் மண்வாசனைக்கு ஃபிஷ் சாஸைவிட சோயா சாஸும் எள்ளெண்ணெயும்தான் பொருந்துகின்றன.

மீதிப் பாதித் தண்ணீர் காய்கறிகளிலிருந்து வருகிறது. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர்தான். உப்புள்ள டிரெஸ்ஸிங் மேலே பட்டதும் அது வெளியே வரத் தொடங்கும். அதனால் வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் விதைப் பகுதியைச் சுரண்டிவிட்டு, மெல்லிய பிறைகளாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிகிறேன். கேரட்டையும் வெள்ளை முள்ளங்கியையும் மெல்லிய குச்சிகளாக நறுக்கி, உப்பு போட்டுப் பிசைந்து பிழிந்த பிறகு, வினிகரும் சர்க்கரையும் கலந்த நீரில் அரை மணி ஊற விடுகிறேன். வியட்நாமில் இதை ரொட்டிக்குள்ளும் வைப்பார்கள், நூடுல்ஸ் மேலும் போடுவார்கள். முள்ளங்கிக் குச்சி ஒடியாமல் வளைந்தால் சரியாக ஊறிவிட்டது.

கீரைகளைக் குறைக்காதீர்கள். புதினா, கொத்தமல்லி, கிடைத்தால் சோம்பு வாசனையுள்ள தாய்லாந்துத் துளசி, ஆளுக்கு ஒரு பெரிய கைப்பிடி. மேலே அலங்காரத்துக்கு இரண்டு இலை வைத்தால் அது இந்த உணவே ஆகாது. வியட்நாமியக் கிண்ணங்களில் கீரைக்குக் காய்கறியின் இடம். கழுவி, துணியில் சுருட்டி மெதுவாக உதறி, ஈரம் போன பிறகுதான் கிள்ள வேண்டும். கத்தியால் நறுக்கினால் புதினா ஓரங்களில் கறுத்துவிடுகிறது. கையால் கிள்ளினால் கொஞ்சம் தாங்கும்.

இனி இறைச்சி. இதற்கு விலை உயர்ந்த மிருதுவான துண்டு தேவையில்லை. சொல்லப் போனால் வேண்டவே வேண்டாம். மாட்டின் வயிற்றுப் பக்கத்திலிருந்து வரும் ஃப்ளாங்க், ஸ்கர்ட் என்னும் தட்டையான துண்டுகள்தான் என் தேர்வு. நன்றாக உழைத்த தசைகள், அதனால் சுவை ஆழமாக இருக்கும், நாரும் தடிமனாக இருக்கும். நான்கு பேருக்கு 600 கிராம். ஊற வைக்க: இரண்டு மேசைக்கரண்டி ஃபிஷ் சாஸ், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, நசுக்கிய பூண்டு மூன்று பல், மெல்லியதாக அரிந்த எலுமிச்சைப் புல் ஒரு தண்டு, மிளகுத்தூள், ஒரு கரண்டி எண்ணெய். ஒரு மணி நேரம் போதும். எலுமிச்சைச் சாற்றை மட்டும் இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். புளிப்பு இறைச்சியின் மேற்புறத்தைச் சாம்பல் நிறமாக்கி, சுடும்போது நிறம் ஏறுவதையும் மந்தமாக்குகிறது. எலுமிச்சை கடைசியில் வரட்டும்.

அடுப்பில் போடும் முன் இறைச்சியை எடுத்து, ஒட்டியிருக்கும் பூண்டையும் எலுமிச்சைப் புல்லையும் வழித்துவிட்டு, கிச்சன் டவலால் ஒத்தி ஒத்தி மேற்புறத்தைக் காய விடுகிறேன். ஊற வைத்ததையே துடைத்து எறிவதா என்று அக்கா கேட்டாள். உப்பும் சுவையும் போக வேண்டிய ஆழத்துக்குப் போயாயிற்று. மேலே மிச்சம் இருப்பது ஈரமும், கருகப்போகும் பூண்டும்தான். ஈரம் இருக்கும் இடத்தின் வெப்பம் நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டாது, ஏனென்றால் அந்த நீர் ஆவியாகும்வரை சூடெல்லாம் அதற்கே போகும். இறைச்சி பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகி அந்த மணம் வர, மேற்புறம் 140 டிகிரியை ஒட்டியாவது போக வேண்டும். இந்த மாற்றத்தை 1912இல் விவரித்தவர் லூயி கமில் மயார் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர். அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருட்களை உண்டாக்குகின்றன. ஈரமான இறைச்சியைப் போட்டால் முதல் இரண்டு மூன்று நிமிடம் அது சுடப்படுவதில்லை, அவிகிறது. பழுப்பேறும் நேரத்துக்குள் உள்ளே வெந்து முடிந்திருக்கும்.

கரியடுப்பு இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இல்லாவிட்டால் கனமான வார்ப்பிரும்புக் கல், புகை வரும்வரை காய்ச்சியது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி கல்லைத் தொட்டதும் சத்தம் சடசடவென்று கூர்மையாக வர வேண்டும். மந்தமாக, கொதிப்பது போல வந்தால் கல் இன்னும் காயவில்லை, எடுத்துவிடுங்கள். ஒரு தடவைதான் திருப்ப வேண்டும் என்று ஒரு விதியைச் சொல்வார்கள். நான் நிமிடத்துக்கொரு முறை திருப்புகிறேன். இரண்டு பக்கமும் ஒரே சீராக வேகிறது, ஓரங்களில் சாம்பல் வளையம் குறைகிறது. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் 52 டிகிரி காட்டும்போது எடுத்துவிட்டால், வெளியே இருக்கும்போதே 55க்கு ஏறிவிடும். நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் சொல்கிறது. சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ வயதானவர்களோ சாப்பிடுகிறார்கள் என்றால் நானும் அதையே கடைப்பிடிக்கிறேன். அதற்கு மேல் போனால் தசை இறுகி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும்.

எடுத்த இறைச்சியைப் பள்ளம் உள்ள தட்டில் வைத்து எட்டுப் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். முன்பெல்லாம் நான் வெட்டும் பலகையிலேயே ஆற வைப்பேன். சாறு பலகையில் ஓடி, மேடைக்குப் போய், துணியால் துடைக்கப்பட்டு மறைந்துவிடும். ஒரு நாள் தற்செயலாகக் குழிவான தட்டில் வைத்திருந்தேன். வெட்டத் தூக்கியபோது கீழே மூன்று கரண்டி அளவுக்குச் செம்பழுப்புச் சாறு தேங்கியிருந்தது. மேலே சின்னச் சின்னக் கொழுப்பு வட்டங்கள், இடையிடையே கரித்துகள்போல் பழுப்புப் பொடி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அந்த மதியம் செய்த எல்லாவற்றையும்விட அதுதான் சுவையாக இருந்தது. பலர் அதை இரத்தம் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். அது இரத்தம் இல்லை. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீர். அதன் இரும்புதான் சிவப்பு.

அன்றிலிருந்து டிரெஸ்ஸிங்கை மாற்றினேன். நுவோக் சம்மில் வழக்கமாக நிறைய வெந்நீர் சேர்ப்பார்கள். ஃபிஷ் சாஸைவிட இரண்டு மூன்று மடங்குகூட. தனிக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ள அது சரி. நான் அந்த நீரைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் இறைச்சியின் சாற்றை ஊற்றுகிறேன். நான்கு பேருக்கு: நான்கு மேசைக்கரண்டி ஃபிஷ் சாஸ், அதே அளவு எலுமிச்சைச் சாறு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, சர்க்கரை கரையும் அளவுக்கு மட்டும் இரண்டு கரண்டி வெந்நீர். முதலில் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து, ஆறிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் அதன் மணம் பறந்துவிடும். இரண்டு பல் பூண்டை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் ஐந்து நிமிடம் ஊற விட்டால் பச்சைக் காரம் அடங்கும். பொடியாக அரிந்த மிளகாய் இரண்டு. கடைசியில் தட்டில் தேங்கிய சாறு முழுவதும். தனியாகச் சுவைத்தால் கொஞ்சம் அதிகமாகத் தெரிய வேண்டும். உப்பே இல்லாத நூடுல்ஸ் அதைச் சமன் செய்துகொள்ளும்.

இது ஏன் இப்படிச் சேர்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா, கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, நாவில் நின்று நிறையும் அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா, உலர்த்திய மீனில் இன்னொரு பொருளைக் கண்டார்: இனோசினேட். இரண்டும் தனித்தனியே இருப்பதைவிட ஒன்றாகச் சேரும்போது சுவை பல மடங்கு ஏறுகிறது. நெத்திலியை உப்போடு மாதக்கணக்கில் நொதிக்க விட்டு எடுக்கும் ஃபிஷ் சாஸில் குளுட்டமேட் நிறைய. மாட்டிறைச்சியில் இனோசினேட். தட்டில் தேங்கிய சாற்றை டிரெஸ்ஸிங்கில் ஊற்றும் நொடியில் அந்த இரண்டும் சந்திக்கின்றன.

ஃபிஷ் சாஸின் வாசனைக்குப் பயந்து அதைக் கைவிடுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: பாட்டிலைத் திறந்து முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்ததும் அந்த நெடி பின்னால் போய்விடுகிறது. வியட்நாமின் ஃபூ குவோக் தீவில் மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு போட்டு, ஆள் உயர மரத்தொட்டிகளில் ஓராண்டு போல நொதிக்க விடுகிறார்கள். 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. எந்த ஊர்ப் பாட்டிலாக இருந்தாலும் பொருட்பட்டியலில் மீன், உப்பு, அதிகம் போனால் சர்க்கரை, அவ்வளவுதான் இருக்க வேண்டும். பட்டியல் நீளமானால் அதை நான் எடுப்பதில்லை.

வெட்டுவதில் அவசரப்படாதீர்கள். ஃப்ளாங்க் துண்டின் மேல் பார்த்தால் நார்கள் ஒரே திசையில், வாரிய தலைமுடி மாதிரி ஓடுவது தெரியும். அதற்குக் குறுக்கே கத்தி போக வேண்டும். கத்தியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து, விரல் நீளத்துக்கு அகலமான மெல்லிய துண்டுகளாக. சரியாக வெட்டிய துண்டை இரண்டு விரலால் லேசாக விரித்தால் நார்கள் பிரிந்து விடும். அந்த வேலையைப் பல் செய்ய வேண்டியதில்லை. நாரோடு சேர்த்து வெட்டினால், அதே இறைச்சி அதே சூட்டில் வெந்திருந்தாலும், கடைசிவரை மென்றுகொண்டே இருக்க வேண்டும். ஸ்கர்ட் துண்டில் நார் அகலவாக்கில் ஓடும், ஆகவே முதலில் அதை விரல் நீளத் துண்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை உடனே டிரெஸ்ஸிங்கில் இரண்டு கரண்டி விட்டுப் புரட்டுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது நன்றாக இழுத்துக்கொள்ளும்.

தாய்லாந்துக்காரர்களிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன்: வறுத்த அரிசிப் பொடி. ஒட்டும் அரிசியை வெறும் வாணலியில் சின்னத் தீயில் பதினைந்து நிமிடம், பழுப்பாகும்வரை கிளறி, ஆறவிட்டு, குருணையாகப் பொடிப்பது. இறைச்சி மேல் இதை ஒரு கரண்டி தூவினால் வறுத்த மணம் வருவதோடு, வழியும் சாற்றைக் குடித்து துண்டைச் சுற்றியே ஒட்ட வைத்துக்கொள்கிறது. அருவி என்று பெயர் வைத்தவர்களே அருவியை நிறுத்தவும் வழி வைத்திருக்கிறார்கள்.

பிறகு அடுக்க வேண்டியதுதான். அடியில் கிள்ளிய லெட்யூஸ், முளைகட்டிய பயறு, நூடுல்ஸ் சுருள்கள், பிழிந்த வெள்ளரி, ஊறிய கேரட், கீரைகள், மேலே வெதுவெதுப்பான இறைச்சி. ஒன்றிரண்டாக இடித்த வறுத்த வேர்க்கடலையும் பொரித்த சின்ன வெங்காயமும் கடைசியில், மேசையில் வைத்த பிறகு. டிரெஸ்ஸிங்கை ஆளாளுக்கு அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும். சமையலறையிலேயே கலந்து எடுத்து வந்தால், எல்லோரும் உட்கார்வதற்குள் கீரை துவண்டுவிடும். குளிர்ந்த நூடுல்ஸும் சூடு ஆறாத இறைச்சியும் ஒரே வாயில் வருவதற்குப் பத்து நிமிடம்தான் அவகாசம். அதற்காகவே நான் எல்லோரையும் முன்கூட்டியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறேன்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, பழைய ஞாபகத்தில் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு கரண்டி போல இருந்தது. அதைக் கடைசி நூடுல்ஸால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "தட்டுல இருந்த சாறு எல்லாத்தையும் ஊத்திட்டியா, இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

மிச்சம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நூடுல்ஸ் மீந்தால் இறைச்சியோடும் டிரெஸ்ஸிங்கோடும் சேர்த்து வைக்காதீர்கள், எல்லாம் தனித்தனி டப்பாவில். ஃபிரிட்ஜில் வைத்த அரிசி நூடுல்ஸ் மறுநாள் விறைத்து, பொட்டுப் பொட்டாக ஒடியும். குளிரில் மாவுச்சத்தின் இழைகள் ஒன்றையொன்று நெருங்கி இறுகி, உள்ளே பிடித்திருந்த நீரை வெளியே தள்ளிவிடுகின்றன. கெட்டுப்போய்விட்டதென்று கொட்ட வேண்டாம். கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி சுருட்டித் துணியில் வைத்தால் பழையபடி வந்துவிடும். இறைச்சியை மட்டும் சூடாக்க வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்து, அப்படியே மேலே போடுங்கள்.